பெல்ட்டில் இருந்த கடவுள்

"சோவியத் ரஷ்யாவை ஆண்ட ஸ்டாலின் நாத்திகர், அதனால்தான் அத்தனை கொலை" என்று நண்பர் அடித்துச் சொன்னார். மனசு ஆறவே இல்லை.

1931-ல் மாஸ்கோவின் மீட்பர் கிறிஸ்து பேராலயத்தை வெடிவைத்துத் தகர்த்தது அவர் ஆட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் 1943-ல், போர் நெருக்கியபோது, அதே ஸ்டாலின் ஆயர்களை ஆட்சிபீடமான கிரெம்ளினுக்கு வரவழைத்து, திருச்சபைக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்க அனுமதி கொடுத்தார். அவருக்கு வேண்டியது அதிகாரம். கடவுள் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

மறுபக்கம், ஹிட்லரின் தரைப்படை வீரனுடைய பெல்ட் பக்கிளைப் பாருங்கள். கழுகு, அதன் காலடியில் ஸ்வஸ்திகா, மேலே வளைவாக 'கடவுள் நம்மோடு' என்ற வாசகம். பழைய ஜெர்மன் அரசான பிரஷ்யா காலத்து வாசகம், அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

அதே கடவுளை நம்பி ஹிட்லரை எதிர்த்தவர் போன்ஹோஃபர் என்ற லூத்தரன் போதகர். 1945 ஏப்ரல் 9 அன்று நாஜி வதைமுகாமில் அவரைத் தூக்கிலிட்டார்கள். ஐரோப்பாவில் போர் முடிய ஒரு மாசம்கூட இல்லை.