46 டாலர் கல்லூரிக்கு நன்கொடை எதற்கு?

இரண்டாண்டுப் படிப்பு தரும் பொதுக் கல்லூரிகளான கலிபோர்னியாவின் கம்யூனிட்டி கல்லூரிகளில் ஒரு யூனிட்டுக்கு, அதாவது பாடங்களை அளக்கும் ஓர் அலகுக்கு, கட்டணம் 46 டாலர். 2012லிருந்து இதே தொகைதான். இரண்டாண்டுப் பட்டத்துக்கு 60 யூனிட் வேண்டும் என்று கணக்குப் போட்டால் மொத்தம் 2,760 டாலர் வரும். நாங்கள் குடியிருக்கும் ஃப்ரீமான்ட்டில் பல இடங்களில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு ஒரு மாத வாடகையே அவ்வளவு. வருமானம் குறைந்தவர்களுக்கு மாநில அரசு இந்தக் கட்டணத்தையும் தள்ளுபடி செய்துவிடுகிறது. அப்புறமும் இந்தக் கல்லூரி மாணவர்களுக்கென்று யார் யாரோ கைக்காசைப் போட்டு உதவித்தொகை கொடுக்கிறார்கள். வந்த புதிதில் எனக்கு விளங்காத விஷயங்களில் இது ஒன்று.

ஹெச்4 விசாவில், அதாவது இங்கே வேலை விசாவில் இருப்பவரின் மனைவியாக வந்தவள் நான். திண்டுக்கல்லில் பி.காம் முடித்து ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே என் விசாவில் தனி அனுமதி இல்லாமல் வேலைக்குப் போக முடியாது, ஆனால் படிக்கத் தடையில்லை. மாநிலத்தில் ஓராண்டும் ஒரு நாளும் வசித்ததற்குச் சான்று காட்டினால் ஹெச்4 காரர்களுக்கும் உள்ளூர்க் கட்டணம்தான். அதற்கு முன்னால் சேர்ந்தால் வெளியூர்க்காரர் கட்டணம், அது பல மடங்கு. அதனால் புதிதாக வருகிற பெண்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம், எதிலெல்லாம் உங்கள் பெயரைச் சேர்க்க முடியுமோ அதிலெல்லாம் வந்த மாதமே சேர்த்துவிடுங்கள்.

கம்யூனிட்டி காலேஜ் என்றால் நம்மவர்களுக்குள் ஓர் இளக்காரம் உண்டு. பெர்க்லி பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளைகள் போகிற இடம் என்பார்கள். என் முதல் அக்கவுன்டிங் வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்களை அவர்கள் பார்த்திருக்க வேண்டும். சென்டர்வில் பக்கத்திலிருந்து வந்த ஆப்கானிய இளைஞர் ஒருவர் என் பக்கத்து இருக்கை. அந்தப் பகுதியை இங்கே லிட்டில் காபூல் என்றே சொல்வார்கள். காலை நான்கு மணிக்கு ரொட்டிக் கடையில் வேலை தொடங்கி, அது முடிந்து நேரே வகுப்புக்கு வருகிற மெக்சிகோ அம்மா ஒருவர். ராணுவத்திலிருந்து திரும்பியவர் ஒருவர். பதினாறு வயதில் பள்ளியோடு சேர்த்தே கல்லூரிப் பாடமும் எடுக்கிற நம் ஊர்ப் பையன்கள் இரண்டு பேர். இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட்டில் 1901இல் தொடங்கிய இந்த வகைக் கல்லூரி இன்று கலிபோர்னியாவில் மட்டும் 116 இருக்கிறது. ஏறத்தாழ இருபது லட்சம் பேர் படிக்கிறார்கள். 1960இல் மாநிலம் வகுத்த உயர்கல்வித் திட்டத்தின்படி, இங்கே இரண்டு ஆண்டு படித்துவிட்டு மாநிலப் பல்கலைக்கழகங்களில் மூன்றாம் ஆண்டில் சேரலாம். அதைத்தான் எல்லோரும் டிரான்ஸ்ஃபர் என்கிறார்கள்.

இரண்டாவது செமஸ்டரில் கல்லூரியின் ஃபவுண்டேஷனிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. நன்கொடை திரட்டவும் பகிர்ந்து கொடுக்கவும் கல்லூரியை ஒட்டியே இயங்கும் தனி அமைப்பு அது. ஒரே விண்ணப்பத்தை நிரப்பினால் போதும், தகுதியுள்ள உதவித்தொகைகள் எல்லாவற்றுக்கும் அவர்களே பரிசீலிப்பார்கள். அந்தப் பட்டியலைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. விபத்தில் இறந்த மகன் நினைவாக ஆட்டோமொபைல் படிக்கும் ஒருவருக்கு 500 டாலர். இரவு வகுப்பில் படிக்கும் தாய்மார்களுக்கு 1,000. முப்பது ஆண்டு ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்ற பேராசிரியர், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத மாணவருக்கு 750. பெரிய தொகை எதுவும் இல்லை. கொடுத்தவர்களில் கோடீஸ்வரர் யாரும் இருந்த மாதிரி தெரியவில்லை.

கடைசியாகச் சொன்ன 750 டாலர் எனக்குக் கிடைத்தது. அமெரிக்க மத்திய அரசின் பெல் உதவித்தொகை ஆண்டுக்கு 7,395 டாலர் வரை வருகிறது, ஆனால் ஹெச்4 விசாவில் இருப்பவர்கள் அதற்கு விண்ணப்பிக்கவே முடியாது. சட்டம் போட்ட கோட்டுக்கு இந்தப் பக்கம் மத்திய அரசின் பணம் வராது. தனியார் தருகிற பணம் வரும். யாருக்குக் கொடுப்பது என்பதைக் கொடுப்பவரே முடிவு செய்கிறார், அந்தப் பேராசிரியர் விசாவைப் பற்றி எதுவுமே கேட்கவில்லை. அந்தப் பணத்தில் பாடப்புத்தகமும் அதனோடு வரும் ஆக்ஸஸ் கோடும் வாங்கினேன். ஆக்ஸஸ் கோடு என்பது வீட்டுப்பாடம் செய்யும் இணையதளத்துக்கான சாவி. புத்தகத்தைப் பழையதாக வாங்கிச் சமாளித்துவிடலாம், இது ஒருவர் பயன்படுத்தினால் தீர்ந்தது. அது இல்லாமல் வீட்டுப்பாடத்தைச் சமர்ப்பிக்க முடியாது, மதிப்பெண்ணும் கிடையாது.

உதவித்தொகை பெற்றவர்களையும் கொடுத்தவர்களையும் மே மாதத்தில் ஒரு மாலை சந்திக்க வைப்பார்கள். என் மேசையில் எழுபத்தைந்து வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி இருந்தார். ஹேவர்டில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். நர்சிங் கடைசி செமஸ்டர் மாணவிகளுக்கு ஆண்டுதோறும் கொடுக்கிறார். கட்டணம்தான் குறைவாயிற்றே, பிறகு எதற்கு என்று கேட்டேன். அவர் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். இரண்டு செட் சீருடை. பன்னிரண்டு மணி நேரம் நிற்பதற்குத் தாங்குகிற ஷூ. ஸ்டெதஸ்கோப். தடுப்பூசிச் சான்றுகள். குற்றப் பின்னணிச் சோதனைக்குக் கட்டணம். படிப்பு முடிந்ததும் உரிமத் தேர்வுக்கு 200 டாலர், மாநில வாரியத்துக்குத் தனியாகக் கட்டவேண்டியது வேறு. "படிப்பெல்லாம் முடித்துவிட்டு, தேர்வுக்குக் கட்டப் பணமில்லாமல் நாலு மாதம் தள்ளிப் போட்ட பெண்ணை எனக்குத் தெரியும். அந்த நாலு மாதமும் அவள் நர்ஸ் சம்பளம் வாங்கியிருக்க வேண்டியவள்" என்றார்.

அப்புறம் அவர் சொன்னது இன்னும் முக்கியம். போன ஆண்டு இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் படுத்திருந்தபோது தன்னைக் கவனித்த நர்ஸ் இதே கல்லூரியில் படித்தவராம். "நான் கொடுக்கிற பணம் இந்த ஊரைவிட்டுப் போவதில்லை" என்றார்.

அந்தப் பேச்சுக்குப் பிறகு நான் இதை வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கினேன். ஸ்டான்ஃபோர்டிலோ பெர்க்லியிலோ படித்தவர்கள் நாட்டின் நாலு மூலைக்கும் போய்விடுகிறார்கள், போனாலும் படித்த இடத்துக்குப் பணம் அனுப்புகிறார்கள். கம்யூனிட்டி கல்லூரிக்கு நேர் எதிர் நிலைமை. படித்தவர்கள் பெரும்பாலும் அதே வட்டாரத்தில்தான் வாழ்கிறார்கள். ஆனால் டிரான்ஸ்ஃபர் ஆகிப் போனவர்களின் நன்றி, பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்துக்குப் போய்விடுகிறது. ஹேவர்டின் ஷபோ கல்லூரியில் படித்து சாக்ரமென்டோவுக்கு டிரான்ஸ்ஃபர் ஆன நடிகர் டாம் ஹாங்க்ஸ், தன் வாழ்க்கைக்கு அந்த இரண்டாண்டுக் கல்லூரியே காரணம் என்று 2015இல் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். அப்படி வெளிப்படையாகச் சொல்பவர்கள் குறைவு. அதனால் பழைய மாணவர் சங்கத்தின் பெருமையை நம்பி இந்தக் கல்லூரிகள் பணம் திரட்ட முடியாது. கொடுப்பவர்கள் பெரும்பாலும் ஊர்க்காரர்கள்: ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ரோட்டரி சங்கம், ஆள் தேவைப்படும் உள்ளூர் மருத்துவமனைகள், பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர்.

வரிச் சலுகைக்காகத்தானே கொடுக்கிறார்கள் என்று சிலர் சொல்வார்கள். 2018இலிருந்து நிலையான கழிவு, அதாவது கணக்கு எதுவும் காட்டாமலே வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் தொகை, ஏறக்குறைய இரட்டிப்பானதால், பெரும்பாலான குடும்பங்கள் நன்கொடையைத் தனியாகக் கணக்குக் காட்டுவதே இல்லை. 2025 வரை, 500 டாலர் கொடுத்த ஓய்வூதியக்காரருக்கு வரியில் மிச்சமானது பெரும்பாலும் ஒன்றுமில்லை. கணக்கு படித்தவள் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்வேன்.

பெரும் பணம் வராமலும் இல்லை. குடியேறி வந்த பெற்றோரின் மகனான பெர்னார்ட் ஓஷர் தொடங்கிய சான் பிரான்சிஸ்கோ அறக்கட்டளை, 2008இல் கலிபோர்னியாவின் கம்யூனிட்டி கல்லூரி உதவித்தொகைக்காக 25 மில்லியன் டாலர் கொடுத்தது. கல்லூரிகள் தாங்களும் திரட்டினால் அதற்கு ஈடாக மேலும் 25 மில்லியன் வரை தருவதாகவும் சொன்னது. மூலத்தொகை அப்படியே இருக்கும், அதன் வருமானத்திலிருந்து ஆண்டுதோறும் உதவித்தொகை போகும். 20,000 டாலரை இப்படிப் போட்டுவைத்து ஆண்டுக்கு ஐந்து சதவீதம் எடுத்தால், ஒருவருக்கு 1,000 டாலர் தொடர்ந்து கிடைக்கும். கோடீஸ்வர நன்கொடையாளர் மெக்கென்சி ஸ்காட் 2021இல் பாசடீனா, லாங் பீச் கல்லூரிகளுக்குத் தலா 30 மில்லியன் கொடுத்தார், அதுவும் எப்படிச் செலவழிக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லாமல். ஜாக் கென்ட் குக் அறக்கட்டளை, டிரான்ஸ்ஃபர் ஆகிற சிறந்த மாணவர்களுக்கு ஆண்டுக்கு 55,000 டாலர் வரை தருகிறது. ஆனாலும் இவையெல்லாம் விதிவிலக்குகள். நாட்டின் இளநிலை மாணவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் படிக்கிற இந்தக் கல்லூரிகளுக்கு, உயர்கல்விக்கு வருகிற நன்கொடையில் மிகச் சிறிய பங்குதான் வந்து சேர்கிறது.

வேலை அனுமதி கிடைத்து நான் ஒரு கணக்கு அலுவலகத்தில் சேர்ந்த பிறகு, விண்ணப்பங்களைப் படித்துத் தேர்ந்தெடுக்கும் குழுவுக்கு ஆள் கேட்டார்கள். தன்னார்வப் பணிதான், போய்ச் சேர்ந்தேன். பெயர் மறைத்த விண்ணப்பங்களை வரிசையாகப் படிக்கும்போது ஒன்று தெளிவாகத் தெரியும்: கல்லூரிக் கட்டணத்தால் படிப்பை விட்டவர் அநேகமாக யாரும் இல்லை. காரின் பிரேக் போனது, சரிசெய்ய 400 டாலர் இல்லை, பஸ்ஸில் வந்தால் லேப் வகுப்புக்கு நேரத்துக்கு வர முடியவில்லை, பாதியில் நிறுத்திவிட்டேன் என்று ஒருவர் எழுதியிருந்தார். அறையைப் பகிர்ந்துகொண்டவர் காலி செய்துவிட்டதால் வாடகை இரட்டிப்பான கதை இன்னொன்று. சாப்பாட்டுப் பிரச்சினையைப் பலர் நேராக எழுதமாட்டார்கள். "கல்லூரியின் இலவச உணவு அலமாரி எனக்கு உதவியாக இருக்கிறது" என்று ஒரு வரி போகிற போக்கில் வரும், அவ்வளவுதான். மாநில அளவில் 2023இல் எடுத்த கணக்கில், கேட்கப்பட்ட மாணவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் போதிய சாப்பாடு உறுதியில்லாதவர்கள். ஒரு செமஸ்டரை முடிக்கும் ஆளுக்கும் முடிக்காத ஆளுக்கும் நடுவில் சில நூறு டாலர்தான் நிற்கிறது. வேறெங்கே கொடுத்தாலும் இந்தச் சிறு தொகை இவ்வளவு தூரம் போகாது. கொடுப்பவர்கள் இதைப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நம் மக்களிடம் இதைக் கொண்டுபோக வேண்டும் என்று நினைத்தேன். கொடுக்கத் தெரியாதவர்கள் இல்லை நாம். ஹார்வர்டில் தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் வேண்டும் என்றபோது உலகம் முழுவதும் தமிழர்கள் கொடுத்து 2018இல் திரட்டி முடித்தார்கள், தமிழ்நாடு அரசும் பத்து கோடி ரூபாய் தந்தது. ஊர்ப் பள்ளிக்குக் கட்டடம், அகரம் போன்ற அமைப்புகளுக்கு மாதச் சந்தா என்று வீட்டுக்கு வீடு ஏதோ ஒன்று நடக்கிறது. எல்லாம் நல்ல காரியங்கள்தான். ஆனால் நம் பிள்ளைகள் பள்ளிக் காலத்திலேயே பாடம் எடுக்கிற, நம் பெண்கள் விசா கட்டிப்போட்ட ஆண்டுகளில் போய்ப் படிக்கிற கல்லூரி இரண்டு மைல் தள்ளி இருக்கிறது. அங்கே கொடுத்தவர்கள் பட்டியலில் நம் பெயர்கள் அபூர்வம்.

பொங்கல் விழாவில் பேச்செடுத்தேன். "ஏம்மா, ஃபீஸே கம்மி, அதுக்கு எதுக்கு ஸ்காலர்ஷிப்?" என்றார் எங்கள் சங்கத்து அண்ணன் ஒருவர். எனக்கு ஒரு காலத்தில் இருந்த அதே கேள்வி. பிரேக் போன கார், ஆக்ஸஸ் கோடு, உரிமத் தேர்வுக் கட்டணம் எல்லாவற்றையும் சொன்னேன். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவர், "தமிழ்ப் பிள்ளைகளுக்குத்தானே கொடுக்கப் போறோம்?" என்றார். அங்கேதான் எங்களுக்குள் வாக்குவாதமே வந்தது. எனக்குக் கொடுத்த ஆங்கிலப் பேராசிரியர் என்னை எந்த ஊர் என்று கேட்டுக் கொடுக்கவில்லை என்றேன். மறுநாள் அண்ணி போனில் கூப்பிட்டு, "உங்க அண்ணன் சரின்னுட்டார்" என்றார்.

பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்தோம். பாதிப் பேரின் கம்பெனிகள் ஊழியர் கொடுக்கும் தொகைக்குச் சமமாகத் தாங்களும் போடுகின்றன. அதனால் முதல் ஆண்டிலேயே நினைத்ததைவிடக் கூடுதலாக வந்தது. விதிமுறை எழுதும்போது நான்குக்கு 3.5 ஜிபிஏ, அதாவது சராசரி மதிப்பெண், வேண்டும் என்று ஒரு கட்சி நின்றது, நமக்கு மார்க் முக்கியமாயிற்றே! வாரத்துக்கு முப்பது மணி நேரம் வேலை பார்த்துக்கொண்டு 2.7 வாங்கும் பெண்ணுக்குத்தான் இந்தப் பணம் தேவை என்று ஃபவுண்டேஷன் அலுவலர் பொறுமையாக விளக்கினார். 2.5 என்று முடிவானது. குடியுரிமை, விசா பற்றிய கேள்வி விண்ணப்பத்தில் இல்லை. பணத்தைப் புத்தகத்துக்குத்தான் செலவழிக்க வேண்டும் என்ற வரியையும் எடுத்துவிட்டோம், பிரேக்குக்கும் வாடகைக்கும் போகட்டும். விண்ணப்பங்கள் வழக்கம்போல வசந்த கால செமஸ்டரில் திறக்கின்றன. நம் பக்கத்துப் பெண்கள் யாராவது முதல் செமஸ்டரில் இருந்தால், ஃபவுண்டேஷனிலிருந்து வரும் மின்னஞ்சலைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரே விண்ணப்பம்தான், கட்டுரை எழுத ஒரு மாலை போதும்.