பழைய மின் அடுப்பைக் கழற்றுவதற்கு முன்

சமையலறையைப் புதுப்பிக்கும் வேலையில் எங்களுக்கு முதல் தடையாக நின்றது, ஓவனோடு சேர்ந்த பழைய மின் அடுப்புதான். அதற்குப் பிளக் கிடையாது. சுவரிலிருந்து வரும் தடித்த கேபிள் நேராக அடுப்பின் பின்புறத்துக்குள் போய்விடுகிறது. இத்தகைய அடுப்பை எலக்ட்ரீஷியனைக் கொண்டு கழற்றுவதே முறை. பல நாடுகளில் உரிமம் பெற்றவர் மட்டுமே அதைத் தொடலாம். ஆனாலும் அவர் என்ன செய்கிறார், ஏன் செய்கிறார் என்பதை வீட்டில் இருப்பவர்களும் அறிந்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

எல்லாச் சூடேற்றும் தட்டுகளும் ஓவனும் ஒரே நேரத்தில் எரிந்தால் 7 கிலோவாட் வரை இழுக்கும் அடுப்புக்கு, 230 வோல்ட்டில் சுமார் 30 ஆம்பியர் தேவைப்படுகிறது. அதனால்தான் அதற்கென்று தனி சர்க்யூட்டும் தடித்த கேபிளும் வைக்கிறார்கள். அந்த அளவு மின்னோட்டத்தைத் தாங்குவதற்காக வைக்கப்பட்ட எம்.சி.பி. (மின்னோட்டம் அளவு மீறினால் தானாகவே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்), மனித உடலில் பாய்ந்து உயிரைப் பறிக்கப் போதுமான சில பத்து மில்லி ஆம்பியரைக் கண்டு விழப்போவதில்லை. ஆகவே அது நம்மைக் காப்பாற்றும் என்று நம்பி எந்த வயரிலும் கை வைக்கக் கூடாது.

அடுப்பின் குமிழ்களைத் திருகி அணைத்துவிட்டால் தட்டுகளின் சூடு தணியுமே தவிர, கேபிள் வந்து இணையும் பின்புற டெர்மினலில் மின்சாரம் அப்படியேதான் இருக்கும். சுவரில் இருக்கும் சுவிட்சோடு நிற்காமல் எம்.சி.பி.கள் இருக்கும் டி.பி. பெட்டியிலும் அணைத்து, வேறு யாரும் திரும்பப் போட முடியாதபடி பூட்ட வேண்டும். சில அடுப்புகளுக்கு இரண்டு அல்லது மூன்று ஃபேஸ், அதாவது மின்சாரம் கொண்டுவரும் வயர்கள், வந்திருக்கும். அங்கே ஒன்றை மட்டும் அணைத்துவிட்டு வேலையில் இறங்குவது பேராபத்து.

அடுத்த படி சோதனை. இதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். நியான் டெஸ்டர் எரியவில்லை என்பதற்காக மின்சாரம் இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. இரு முனைகள் கொண்ட வோல்டேஜ் டெஸ்டரை முதலில் மின்சாரம் இருப்பது உறுதியான ஓர் இடத்தில் வைத்துப் பார்த்து, பிறகு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும், ஃபேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே சோதித்து, கடைசியில் மீண்டும் அந்த முதல் இடத்துக்கே கொண்டுபோய் டெஸ்டர் இன்னும் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். கருவியே இடையில் பழுதாகியிருந்தால் அதன் மௌனத்துக்கு ஏது மதிப்பு?

எங்கள் அடுப்பின் டெர்மினல் மூடியைத் திறந்தபோது, ஒரு ஸ்க்ரூவை ஒட்டியிருந்த சிவப்பு இன்சுலேஷன் பழுப்பேறி, தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. தளர்ந்த இணைப்பு ஆண்டுக்கணக்கில் சூடேறியதன் அடையாளம் அது. கருகிய கேபிளை அப்படியே புதிய அடுப்புக்குப் பயன்படுத்தக் கூடாது. வயர் நிறங்களையும் முழுதாக நம்ப வேண்டாம்: கறுப்பு ஓரிடத்தில் நியூட்ரல், மற்றோரிடத்தில் ஃபேஸ். கழற்றும்போது எர்த் வயரைக் கடைசியில்தான் எடுக்க வேண்டும்.

அடுப்பு வெளியேறிய பிறகு சுவரில் தொங்கும் கேபிள் முனைகளுக்கு இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றிவிட்டுப் போவதை நான் ஏற்க மாட்டேன். தூசியிலும் ஈரத்திலும் டேப் உரிந்துவிடும். அதற்குள் கொத்தனாரும் தச்சரும் அங்கே வேலை செய்துகொண்டிருப்பார்கள். ஒவ்வொரு முனையையும் தனித்தனிக் கனெக்டரில் இறுக்கி, மூடியுள்ள ஜங்ஷன் பெட்டிக்குள் வைத்து, புதிய இணைப்பு கொடுக்கும் நாள் வரை அந்த எம்.சி.பி.யைப் பூட்டியே வைத்திருக்க வேண்டும்.