குட்டி தேறவில்லையா? தாயாட்டின் முதுகைத் தடவிப் பாருங்கள்

மேச்சேரிச் செம்மறியாட்டுக் குட்டி பிறக்கும்போது ஏறத்தாழ இரண்டேகால் கிலோ இருக்கும். மூன்று மாதத்தில் பால் மறக்கும்போது 9 கிலோவைத் தொட்டால் நல்ல வளர்ச்சி. அதில் பாதி வழியிலேயே குட்டி நின்றுவிட்டால் பலரும் குட்டித் தீவனம் வாங்கத்தான் ஓடுகிறார்கள். ஆனால் முதல் நான்கு வாரம் குட்டிக்குப் பால்தான் எல்லாம். அதன் இரைப்பை புல்லைச் செரிக்கப் பழக ஆறேழு வாரம் ஆகும். அதனால் முதலில் கவனிக்க வேண்டியது தாயை.

கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே முதுகை விரலால் அழுத்துங்கள். முள்ளெலும்பு கூராகக் குத்தி, பக்க எலும்பின் அடியில் விரல் நுழைந்தால் ஆடு மெலிவு. லேசாக அழுத்தினால் எலும்பு உருண்டையாகத் தட்டுப்பட்டால் சரியான உடல்நிலை. எலும்பே தட்டுப்படாவிட்டால் கொழுப்பு அதிகம். கண்பார்வையை நம்ப வேண்டாம், சினை வயிறு மெலிவை மறைத்துவிடும்.

சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். குட்டியின் வளர்ச்சியில் பெரும்பகுதி கடைசி ஆறு வாரத்தில்தான். மடி கட்டுவதும் அப்போதுதான். அந்த நேரத்தில் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப்புல் காய்ந்து கிடந்தால் மேய்ச்சல் மட்டும் போதாது. ஆட்டுக்கு நாளொன்றுக்கு 200 கிராம் அடர்தீவனம் கொடுங்கள், குட்டி போட்டபின் 300 கிராம். மக்காச்சோளம் 40 பங்கு, தவிடு 32, கடலைப்பிண்ணாக்கு 25, தாது உப்பு 2, சாதா உப்பு 1 என்பது நம்பகமான கலவை. 50 கிராமில் தொடங்கிப் பத்து நாளில் முழு அளவுக்கு வாருங்கள். திடீரென்று தானியம் கொட்டினால் வயிறு புளித்து ஆடு படுத்துவிடும்.

பிண்ணாக்கை மட்டும் குறைக்காதீர்கள். பால் கொடுக்கும் ஆடு முதுகுக் கொழுப்பைக் கரைத்துச் சக்தியை ஈடுகட்டும், புரதத்துக்கு அப்படிப் பெரிய சேமிப்பு அதனிடம் இல்லை. முதுகு நன்றாக இருந்தும் பால் குறைவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கோடையில் உதிரும் வெள்வேலங்காய் ஓரளவு கைகொடுக்கும். தண்ணீர் போதாவிட்டாலும் பால் உடனே இறங்கும்.

பிறந்தவுடன் இரு காம்பையும் பீய்ச்சி அடைப்பை எடுத்துவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் உடல் எடைக்குக் கிலோவுக்கு 50 மில்லி சீம்பால் உள்ளே போக வேண்டும். மெலிந்த ஆட்டில் சீம்பால் குறைவாகவும் பிசின்போலவும் வரும், குட்டியால் உறிஞ்ச முடியாது. கறந்து புகட்டுங்கள். சினையின் கடைசி மாதத்தில் தாய்க்குப் போட்ட துள்ளுமாரி நோய்த் தடுப்பூசியின் எதிர்ப்புச் சக்தி குட்டிக்குப் போய்ச் சேருவதும் இந்தச் சீம்பால் வழியாகத்தான்.

பாலை அளக்கத் தொங்கு தராசு போதும். குட்டியை முட்ட ஊட்டவிட்டு, நான்கு மணி நேரம் பிரித்து வையுங்கள். எடை போட்டு, மறுபடி ஊட்டவிட்டு, உடனே எடை போடுங்கள். 80 கிராம் கூடினால் ஒரு நாளுக்கு 480 கிராம் பால். ஒரு கிலோ வளர ஏறத்தாழ 5 லிட்டர் பால் தேவை என்பதால், குட்டி நாளுக்குச் சுமார் 95 கிராம் ஏறும். பாதிதான் வருகிறதென்றால் தாய்க்குத் தீவனத்தைக் கூட்டுங்கள். மூன்று நான்கு வாரத்தில் பால் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கும். அதற்குப் பிறகு கூட்டிப் பெரிதாகப் பலனில்லை.

பசித்த குட்டி முதுகைக் கூனிக்கொண்டு நிற்கும், விலாவுக்குப் பின்னால் குழி விழுந்திருக்கும். மற்ற ஆடுகளின் பின்கால் நடுவே புகுந்து பால் திருடுவதால் தலையில் சாணக்கறை இருக்கும். குட்டி முட்டும்போதெல்லாம் தாய் விலகி ஓடினால் மடியைத் தொட்டுப் பாருங்கள். சூடும் கட்டியும் இருந்தால் மடிநோய், அன்றே மருத்துவரை அழையுங்கள். கீழ் இமை வெளுத்திருந்தால் இரத்தம் உறிஞ்சும் குடற்புழுவைச் சந்தேகியுங்கள். குட்டி போடும் சமயத்தில் புழு முட்டைகள் தாயின் சாணத்தில் பெருகும்.

பால் மறக்கடிப்பதற்கு நான்கு நாள் முன்பே தாயின் அடர்தீவனத்தை நிறுத்திவிடுங்கள், மடி தானாக வற்றும். வற்றியபின் மடியின் ஒரு பாதி கல்போல் இருந்தால் அந்த ஆட்டை அடுத்த கிடாச் சேர்க்கைக்கு வைக்காமல் சந்தைக்கு அனுப்பிவிடுங்கள்.