பல்லுப் பிடுங்கிய மூன்றாம் நாள்

காலையில் பிளேன்டீ ஒரு மிடறு குடித்தேன். அது இடது கடைவாயால் வழிந்து சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. இடப்பக்கக் கீழ் ஞானப்பல்லைப் பிடுங்கி அன்றைக்கு மூன்றாம் நாள். விறைப்பூசியின் மரப்போ பிடுங்கிய அன்று பின்னேரமே விட்டுப்போயிருந்தது. சரி என்று முகம் கழுவப் போனால், கண்ணை எவ்வளவு இறுக்கியும் இடது கண்ணுக்குள் சவர்க்காரம் போய் எரிகிறது. கண்ணாடியில் பார்த்தேன். வாய் வலப்பக்கமாக இழுபட்டிருந்தது.

பல் பிடுங்கிய இடத்துக்குப் போன் எடுத்தேன். "ஊசி விறைப்புத்தான், சரியாகிடும்" என்றார்கள். இதுதான் எனக்கு இன்னும் மனம் ஆறாத விசயம். ஊசி மருந்து காதுக்கு முன்னால் இருக்கிற உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் போய் முகநரம்பில் பட்டால் முகம் கோணுவது உண்டுதான். ஆனால் அது ஊசி போட்ட சில நிமிடங்களில் வரும், சில மணித்தியாலத்தில் போய்விடும். நாள் கழித்து வருவது வேறு. அன்றைக்கே டொக்டரிடம் காட்ட வேண்டும்.

"காத்துப் பட்டிருக்கும் மகள்" என்று மாமி எண்ணெய்ப் போத்தலோடு வந்தார். என் கணவர் பாரிசவாதம் என்று பயந்து 1990 அம்புலன்சுக்கு அடித்துவிட்டார். கல்லடிப் பாலம் தாண்டும் வரை என் கையை விடவேயில்லை.

ஆஸ்பத்திரியில் டொக்டர் இரண்டு கையையும் தூக்கச் சொன்னார், பேசச் சொன்னார். அப்புறம் புருவத்தை உயர்த்தச் சொன்னார். நெற்றியின் வலப்பக்கம் சுருங்கியது, இடப்பக்கம் வழுவழுவென்று அப்படியே கிடந்தது. பாரிசவாதத்தில் பொதுவாக நெற்றி அசையுமாம், அதனால் இது அது இல்லையாம். எனக்கு ஏழாவது நரம்பு, அதாவது அந்த முகநரம்பு, காதுக்குப் பின்னால் உள்ள ஒடுங்கிய எலும்புக் குழாய்க்குள் வீங்கி நெரிபடுகிறது என்றார். பல்லால்தான் வந்தது என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. வீக்கத்தைக் குறைக்கிற பிரட்னிசலோனை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால் நல்லது என்று, இரத்தத்தில் சீனி பார்த்துவிட்டுக் குளிசை எழுதினார்.

குளிசை விழுங்குவது பெரிய வேலையில்லை. கண்தான் பாடாய்ப் படுத்தியது. மூடாத கண் காய்ந்தால் கருவிழி புண்ணாகிவிடும். பகலில் சொட்டு மருந்து, இரவில் களிம்பு போட்டு இமையை மூடி மேலே டேப். ஒவ்வொரு இரவும் மகள் என் இமையை விரலால் மெதுவாக இழுத்துப் பிடிப்பாள், இவர் ஒட்டுவார். மோட்டார்சைக்கிளில் போனால் வாவிக் காற்று கண்ணுக்குள் ஊசி மாதிரிக் குத்தும், அதனால் கண்ணாடி இல்லாமல் வெளிக்கிட மாட்டேன். மற்றப்படி, சோறு கன்னத்துக்கும் பல் முரசுக்கும் நடுவில் தங்கிவிடும், விரலால் எடுக்க வேண்டும். ஆட்களுக்கு முன்னால் சாப்பிடுவதையே விட்டுவிட்டேன்.

நான்காம் கிழமை, உதட்டோரம் மெல்லத் துடித்ததை முதலில் கண்டதும் மகள்தான். "அம்மா, இந்தப் பக்கமும் சிரிக்குது" என்றாள். அன்றைக்குத்தான் அழுதேன். பெரும்பாலும் தேற மூன்று மாதத்துக்கு மேல் ஆனது.

இப்பவும் வாயைக் குவித்துத் தேத்தண்ணி ஊதினால் இடது கண் கொஞ்சம் சிறுத்துப் போகும். நரம்பு திரும்ப வளரும்போது சில இழைகள் வழி மாறிப் போவதால் அப்படியாம்.