ஆயாவின் வயதும் என் டிசம்பர் வேலையும்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்திலிருந்து போய்ப் புள்ளியியல் படிக்கிறேன், மூன்றாம் ஆண்டு. மக்கள்தொகை ஆய்வில் விடுமுறைப் பயிற்சி வேண்டும், அதுவும் சம்பளத்தோடு வேண்டும் என்று சென்ற வருடம் தேடத் தொடங்கினேன். டிசம்பரில் கடையில் நின்று சம்பாதிப்பதுதான் எனக்கு அடுத்த வருடப் புத்தகச் செலவு. சம்பளமில்லாமல் ஓர் இடம் கூப்பிட்டது. வீட்டில் பேசிவிட்டு, வர முடியாது என்று எழுதினேன். சம்பளம் கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

முதலில் அமெரிக்காவைத்தான் பார்த்தேன். அங்கே கோடை ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. நமக்கு அது குளிர்காலம், விடுமுறையும் சில வாரம்தான். அதைவிடப் பெரிய தடை வேறு. அவர்களுடைய தேசிய அறிவியல் அறக்கட்டளை பணம் தரும் இளநிலை மாணவர் பயிற்சிகளில் உதவித்தொகை அந்த நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரமாக வசிக்க உரிமை பெற்றவர்களுக்கும்தான். இரண்டு வாரம் கட்டுரை எழுதிய பிறகுதான் அந்த வரி கண்ணில் பட்டது. தகுதிப் பகுதியை முதலில் படியுங்கள்.

அப்புறம் இங்கேயே விண்ணப்பித்தேன். "எண்கள் எனக்குப் பிடிக்கும்" என்று தொடங்கிய முதல் கடிதம் எங்கும் எடுபடவில்லை. என் விரிவுரையாளர் அதைப் படித்துவிட்டு, "உனக்கு என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?" என்று மட்டும் கேட்டார்.

யோசித்தபோது கப்பல் பட்டியல் நினைவுக்கு வந்தது. 1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு வந்த 1,52,184 பேரின் பெயர், தகப்பன் பெயர், ஊர், வயது எல்லாம் அவற்றில் பதிவாகின. எங்கள் கொள்ளுத்தாத்தா இருக்கும் பக்கத்தில் 20, 25, 30 என்றே வயதுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. 23 அரிது. வயதே குத்துமதிப்பு என்றால், யார் எந்த வயதில் இறந்தார்கள் என்று எப்படிச் சொல்வது? இதைத்தான் எழுதினேன். நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது.

அங்கே, வயதுகள் 0, 5இல் எவ்வளவு குவிகின்றன என்று அளக்கும் விப்பிள் குறியீட்டைக் கேட்டார்கள். 23 முதல் 62 வயது வரை உள்ளவர்களில் 0, 5 என முடியும் வயதுக்காரர்களை எண்ணி, மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கால் வகுத்து, 100ஆல் பெருக்க வேண்டும். 100 வந்தால் குவியல் இல்லை. 500 வந்தால் எல்லாரும் 0, 5இல் முடியும் வயதையே சொன்னார்கள் என்று பொருள். அடுத்த கேள்விக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லி, எப்படித் தேடுவேன் என்று விளக்கினேன்.

இடம் கிடைத்ததும் காகித வேலை. அடையாள அட்டை, மதிப்பெண் பட்டியல் நகல்களுக்குக் காவல் நிலையத்தில் முத்திரை வாங்கினேன். வரி எண்ணும் வங்கிக் கடிதமும் கேட்டார்கள். என் வங்கிக் கடிதம் மூன்று மாதத்துக்கு மேல் பழையது என்று திருப்பி அனுப்பியதில் முதல் சம்பளம் மூன்று வாரம் தள்ளிப்போனது. அதுவரை டாக்சிக் காசு என் பாட்டி, அதாவது ஆயாவின் ஓய்வூதியத்திலிருந்து.

வேலை ஆறு வாரம். இங்குள்ள கிராமப்புறங்களான அகின்கோர்ட்டில் 1992 முதலும், உம்கன்யாகுடேயில் 2000 முதலும் வீடு வீடாகத் திரும்பத் திரும்பப் போய்ப் பிறப்பு, இறப்பு, இடப்பெயர்ச்சியைப் பதிகிறார்கள். அந்த மாதிரியான, பெயர் நீக்கிய பதிவுகளில் பிழை தேடுவதுதான் என் பொறுப்பு. வேலைக்காக நகரத்துக்குப் போன மகன் அந்த வீட்டு ஆளா இல்லையா என்பதற்கே ஒரு நாள் முழுக்கப் பேசினோம். ஒருவர் இறந்தால் வீட்டாரிடம் நோயின் அறிகுறிகளைக் கேட்டு இறப்புக்கான காரணத்தைக் கணிக்கிறார்கள். முதல் வாரம் அவற்றைப் படித்துவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிறந்த வருடம் தெரியாதவர்களிடம் ஊரறிந்த நிகழ்ச்சிகளை வைத்துக் கேட்பார்கள். அதை ஆயாவிடம் செய்து பார்த்தேன். 1949 ஜனவரி டர்பன் கலவரத்தில் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினாராம். அதற்கு முந்தைய தீபாவளிக்கே வயதுக்கு வந்துவிட்டாராம். அப்படியானால் 1936 பக்கம் பிறந்திருக்க வேண்டும். அட்டையில் 1938 என்று இருக்கிறது. பெண்களுக்கு ஓய்வூதியம் 60 வயதில். அந்த இரண்டு வருடப் பணம் அவருக்கு வரவேயில்லை.