ஆறாயிரம் ரூபாய் முள்ளும் தேவிபட்டினத்துக் களிமண்ணும்

நேற்று ராத்திரிதான் ஊர் திரும்பினேன். கெண்டைக்காலில் நாலு கீறல். மலையில் பட்டது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் மதுரையிலிருந்து ராமநாதபுரம் போன பஸ்ஸில் பட்டது. கடைசி சீட்டு, மூடாத ஷட்டர், சாரல் மழை. காலோரம் வைத்திருந்த பைக்குள் 12 முள் கிராம்பான் ஜோடி, அதாவது பனியில் வழுக்காமலிருக்க ஷூவின் அடியில் மாட்டும் இரும்பு முள் சட்டம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பையைக் கிழித்துக்கொண்டு ஒரு முள் வெளியே வந்தது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, "என்ன சார், உழவு சாமானா?" என்றார். லக்கேஜ் டிக்கெட் போடாமல் விட்டாரே, அந்த வகையில் நல்ல மனுஷன்.

விஷயம் இதுதான். ஜனவரியில் உத்தராகண்டில் இருக்கும் கேதார்கந்தா மலைக்குப் போகிறேன். உச்சி 12,500 அடி, அந்த மாதத்தில் வழியெல்லாம் பனி. கிராம்பான் இல்லாமல் எப்படி என்று பயந்துபோய், ஆன்லைனில் பழசாக ஒரு ஜோடியை 6,000 ரூபாய்க்கு வாங்கிவிட்டேன். ஷூவில் மாட்டினால் உட்காரவே இல்லை. லடாக்கில் பட்டாளத்தில் இருந்த தாய்மாமா தேவிபட்டினத்தில் இருக்கிறார். அவரிடம் காட்டலாம் என்று கிளம்பினேன்.

ராமநாதபுரத்தில் டவுன் பஸ்ஸைத் தவறவிட்டேன். ஆட்டோக்காரர் 600 ரூபாய் கேட்டார். பதினைந்து கிலோமீட்டர் சொச்சத்துக்கு! "திரும்பி வர்றப்ப காலியாத்தான சார் வரணும்" என்றார். போய்ச் சேர்ந்தால், நவபாஷாணம் கும்பிட்டுவிட்டு வந்த ஒரு குடும்பம் நான் இறங்குவதற்குள் அதே ஆட்டோவில் ஏறிவிட்டது. காலியாம்! அந்த 600-ஐ நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

மாமா பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "மாப்ள, காலுக்கு முள்ளா, முள்ளுக்குக் காலா? ஷூவைப் பார்க்காம இதை எவன் வாங்கச் சொன்னான்?"

திண்ணையில் மூன்று ஜோடி ஷூவை வரிசையாக வைத்தார். என்னுடைய 3,200 ரூபாய் டிரெக்கிங் ஷூ. மாமாவின் பழைய தோல் மலையேற்ற ஷூ. கனடாவிலிருந்து மச்சான் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போன, அடி ரப்பரும் உள்ளே ரோமமும் வைத்த பனி பூட்ஸ்.

முதலில் என் ஷூவை எடுத்து இரண்டு கையாலும் வளைத்தார். சப்பாத்தி மாதிரி மடங்கியது. மலையேறுகிறவர்கள் ஷூவை அடி விறைப்பை வைத்து பி0-விலிருந்து பி3 வரை பிரிக்கிறார்கள். கிராம்பானுக்கு சி1 முதல் சி3 வரை. முள்ளின் எண் ஷூவின் எண்ணைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. என் ஷூ பி0. நான் வாங்கியது சி3. முன்னால் கம்பி வளையம், பின்னால் குதிகாலில் அழுத்திப் பூட்டும் நெம்புகோல். இரண்டும் உட்கார ஷூவின் முன்னும் பின்னும் கெட்டியான விளிம்பு வேண்டும். என் ஷூவில் எந்தப் பக்கமும் இல்லை. அடி வளைய, இரும்புச் சட்டம் வளையாமல் நிற்க, நடுச்சரிவில் முள் கழன்று போகும். இல்லாவிட்டால் சட்டமே முறியும்.

மாமாவின் தோல் ஷூவில் குதிகால் விளிம்பு மட்டும் இருக்கிறது. அது பி2. முன்னால் பிளாஸ்டிக் கூடையும் பின்னால் நெம்புகோலும் உள்ள சி2 வரை அதற்கு ஒத்துவரும். என் கம்பி வளையத்துக்கு அங்கேயும் இடமில்லை. கனடா பூட்ஸோ முன்பக்கம் தவளை வாய் மாதிரி அகலம். வெதுவெதுப்பாக இருக்கும், ஆனால் முள் மாட்ட அடியில் விறைப்பில்லை. ஆக மூன்று ஜோடியிலும் உட்காராத முள்ளுக்கு ஆறாயிரம் அழுதிருக்கிறேன்.

மத்தியானம் அத்தை நண்டுக் குழம்பு வைத்திருந்தார்கள். காலையில் கரைக்கு வந்த நண்டு. மிளகும் சின்ன வெங்காயமும் தட்டிப் போட்டு, குழம்பு ஓட்டுக்குள்ளேயே தேங்கி நிற்கிறது. உறிஞ்சினால் உச்சந்தலை வரை காரம். கூடவே கணவாய் வறுவல். மூன்றாவது முறை சோறு வாங்கியபோது ஆட்டோக்காரரைக்கூட மன்னித்திருப்பேன்.

சாயங்காலம் மாமா தன்னிடமிருந்த பத்து முள் ஸ்ட்ராப் ஜோடியைத் தன் ஷூவில் மாட்டிக் காட்டினார். சட்டத்தின் நீளத்தைச் சரிசெய்து, ஸ்ட்ராப்பைக் கட்டாமலே ஷூவைத் தூக்கி உலுக்கினார். முள் விழவில்லை. அதுதான் பரீட்சையாம். முன் முள் இரண்டும் ஷூ நுனியைத் தாண்டி ஒரு அங்குலத்துக்குள் நிற்க வேண்டும். கொக்கி காலின் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். ஸ்ட்ராப்பின் மிச்ச வாலைச் செருகிவிட வேண்டும், இல்லையென்றால் அடுத்த காலின் முள் அதில் மாட்டிக் குப்புற விழுவோம்.

மாமா ஷூ எனக்கும் சரியாக இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு கண்மாய்க் கரையில் ஏறினேன். பத்தே அடி. ஈரக் களிமண் முள்ளுக்கு நடுவில் அப்பி, காலுக்கு ஒரு கிலோ கூடி, முள் இருக்கும் இடமே தெரியவில்லை. வழுக்கி உட்கார்ந்தேன். "ஈரப் பனியும் இப்படித்தான் அப்பும் மாப்ள, அதுக்குத்தான் அடியில ரப்பர் தகடு" என்றார் மாமா சிரித்துக்கொண்டே. அவருடைய ஜோடியில் தகடு கிழிந்து போயிருந்ததை ஏறுவதற்கு முன்னால் சொல்லவில்லை. வழியில் போன பனையேறி ஒருவர் நின்று பார்த்தார். "தம்பி, இதை மாட்டிக்கிட்டு மரத்துல ஏறிறாதீக, மரம் தாங்காது."

கடைசியில் மாமாவின் தீர்ப்பு: கேதார்கந்தாவுக்கு எனக்கு கிராம்பானே வேண்டாம். என் ஷூவுக்கு ரப்பர் வளையத்தில் சங்கிலியும் சின்ன முள்ளும் கோத்த மைக்ரோஸ்பைக் போதும். ஏறத் தொடங்கும் சாங்க்ரி கிராமத்திலேயே வாடகைக்குக் கிடைக்கும். செங்குத்தான பனிக்கட்டிக்குத்தான் அது உதவாது, அங்கே எனக்கு வேலையும் இல்லை. இதை யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாம்!

ராத்திரி என் முள்ளைத் துடைக்காமல் திண்ணையிலேயே விட்டுவிட்டேன். காலையில் உப்புக்காற்று வேலையைக் காட்டிவிட்டது, கீறல் விழுந்த இடமெல்லாம் துரு. அத்தை தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துக் கொடுத்தார்கள். முன்னும் பின்னும் விளிம்புள்ள விறைப்பான ஷூ வைத்திருப்பவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், 4,500-க்குத் தருகிறேன். லேசாகத் தேங்காய் எண்ணெய் வாசம் அடிக்கும்.

திரும்பும்போது ஆட்டோ பக்கமே போகவில்லை. முக்கால் மணி நேரம் நின்று டவுன் பஸ்ஸில்தான் வந்தேன்.