முதல் ஸ்கேன் விழும் வரைக்கும்

மார்ச் 7, 2025, வெள்ளி

நேற்று ஒரே நாளில் இரண்டு செய்தி. ஜெர்மனியில் டிஎச்எல் தன் தபால், பார்சல் பிரிவில் இந்த ஆண்டுக்குள் 8,000 வேலையிடங்களைக் குறைக்கப் போகிறதாம். டென்மார்க்கில் அரசுத் தபால் நிறுவனமான போஸ்ட்நார்ட் இந்த ஆண்டு முடிவோடு கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பதையே நிறுத்துகிறது, அங்கே வேலை செய்யும் 4,600 பேரில் 1,500 பேருக்கு வேலை போகிறது. ராத்திரி குறிப்பேடு தைத்துக்கொண்டே படித்தேன், ஊசியை வைத்துவிட்டு இன்னொரு முறை படித்தேன்.

நான் விற்பது கையால் தைத்த குறிப்பேடுகள், விற்பது முழுக்க ஆன்லைனில். பொதியோடு சேர்த்து ஒன்று 350 கிராம் வரும். இந்த எடைக்கு, அதுவும் எந்த மூலையில் இருக்கும் முகவரிக்கும், எனக்குக் கட்டுப்படியாவது தபால்தான். அதனால் எந்த நாட்டில் தபால்காரருக்கு வேலை போனாலும் அதை அடுத்த வீட்டுச் செய்தி என்று தள்ள முடியவில்லை, இன்றைக்கு அங்கே என்றால் நாளைக்கு எங்கேயும்தான்.

கடிதம்தானே குறைகிறது, பார்சல் கூடிக்கொண்டுதானே போகிறது, உனக்கு என்ன பயம் என்று தங்கை கேட்டாள். நியாயமான கேள்வி. டென்மார்க்கில் 2000-ல் 140 கோடி கடிதம் போயிருக்கிறது, போன ஆண்டு 11 கோடி. ஆனால் அந்தக் கடிதங்கள்தான் தினமும் ஒரு ஆளைத் தெருத்தெருவாக நடக்க வைத்த செலவைக் கட்டிக்கொண்டிருந்தன. என் 350 கிராம் பொட்டலம் அந்த நடையில் ஏறிக்கொண்டு போனது. கடிதம் இல்லையென்றால் ஒதுக்குப்புறத்தில் இருக்கும் ஒரே ஒரு வீட்டுக்கு ஒரே ஒரு குறிப்பேட்டுக்காக யார் வண்டியை எடுப்பார்கள், யார் கணக்கில்? இதை அவளுக்குச் சொல்லிப் புரியவைக்கவே அரை மணி நேரம் ஆனது.

மார்ச் 9, ஞாயிறு

பழைய ஆர்டர்களை எடுத்துப் பார்த்தேன். நல்ல மதிப்பீடு கொடுத்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் "சொன்ன நாளில் வந்தது" என்று எழுதியிருக்கிறார்கள். காகிதத்தைப் பற்றியோ தையலைப் பற்றியோ எழுதியவர்கள் குறைவு. நான் செய்யாத வேலைக்கு எனக்குப் பாராட்டு வந்துகொண்டிருக்கிறது, அந்த வேலை கெட்டால் திட்டும் எனக்குத்தான் வரும்.

மார்ச் 14, வெள்ளி

அமெரிக்காவிலும் ஆரம்பித்துவிட்டது. அங்கே தபால் துறைத் தலைவர் லூயிஸ் டிஜாய் நேற்று நாடாளுமன்றத்துக்கு எழுதிய கடிதத்தில், விருப்ப ஓய்வு மூலம் அடுத்த 30 நாளில் 10,000 பேர் குறைவார்கள் என்று சொல்லியிருக்கிறார். 2021-லிருந்து ஏற்கெனவே 30,000 பேர் குறைந்தாயிற்று என்றும் அதிலேயே இருக்கிறது.

விருப்ப ஓய்வு என்றதும் யாரையும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளவில்லையே, நல்லதுதானே என்று தோன்றும். வேலை செய்கிறவர்கள் பக்கமிருந்து பார்த்தால் ஆட்குறைப்பை விட அது எவ்வளவோ மேல், சந்தேகமே இல்லை. ஆனால் யார் போகிறார்கள் என்பதை நிர்வாகம் தேர்ந்தெடுக்க முடியாது. கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் பல வருஷம் வேலை பார்த்தவர்கள்.

இதே அமெரிக்கத் தபால் துறை 1992-ல் இதையே செய்து பார்த்திருக்கிறது. 30,000 நிர்வாகப் பணியிடங்களைக் குறைக்க வேண்டும் என்று சலுகை அறிவித்தார்கள், ஏறத்தாழ 48,000 பேர் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அதில் தபால்காரர்களும் எழுத்தர்களும் ஏராளம். 1994-ல் சிகாகோவின் தபால் தாமதம் நாடு முழுக்கப் பேசப்பட்ட விஷயமானது. முழுக்க ஓய்வுத் திட்டத்தால்தான் அப்படி ஆனது என்று நான் சொல்ல மாட்டேன், அந்த ஊர்த் தபாலுக்கு வேறு கோளாறுகளும் இருந்தன. ஆனாலும் எத்தனை பேர் போவார்கள் என்ற கணக்கே இவ்வளவு பெரிதாகத் தப்பியது என்றால், எந்த மேசை காலியாகும் என்பதை யார் முன்கூட்டிப் பார்த்திருக்க முடியும்?

மார்ச் 19, புதன்

இன்றைக்கு 6 பார்சலோடு போனேன். கவுன்ட்டரில் அண்ணன் (நான் அப்படித்தான் கூப்பிடுவேன், அவரும் "வாம்மா, இன்னிக்கு எத்தனை?" என்பார்) கடைசிப் பார்சலை ஸ்கேன் செய்துவிட்டு, "இந்த மாசத்தோட சரிம்மா, நானும் ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துட்டேன்" என்றார். அவர் இடத்துக்கு ஆள் வருமா என்று கேட்டேன். மூன்று கவுன்ட்டர் இரண்டாகும் என்றார்.

அவரிடம் கற்றுக்கொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன், புதிதாக விற்க ஆரம்பிக்கிறவர்களுக்கு உதவும். லேபிளைப் பெட்டியின் விளிம்பில் மடித்து ஒட்டக் கூடாது, பார்கோடு இரண்டாக மடிந்தால் மெஷின் படிக்காது. பார்கோடு மேல் பளபளப்பான டேப் ஒட்டினால் வெளிச்சம் பட்டு மின்னி ஸ்கேனர் தடுமாறும். பழைய பெட்டியைத் திரும்பப் பயன்படுத்தினால் முந்தைய பார்கோடுகளை உரித்தோ கறுப்பாக அடித்தோ விட வேண்டும், இல்லையென்றால் பார்சல் முன்பு போன ஊருக்கே மறுபடி கிளம்பும். முகவரி எழுதிய ஒரு சீட்டை உள்ளேயும் போட வேண்டும், வெளியே லேபிள் கிழிந்தால் அந்தச் சீட்டுதான் பார்சலைக் காப்பாற்றும்.

ஒரு முறை என் பார்சலைக் கையில் எடுத்ததுமே "உள்ள ஆடுதும்மா" என்று திருப்பிக் கொடுத்தார். பிரித்துப் பார்த்தால் குறிப்பேட்டின் மூலை ஏற்கெனவே நசுங்கியிருந்தது. அந்த ஒரு வார்த்தை இல்லையென்றால் ஒரு வாடிக்கையாளர் போயிருப்பார். இந்த மாதிரி வேலை எந்தப் பணியாளர் பட்டியலிலும் இருக்காது, அதனால் எதைக் குறைக்கிறோம் என்பது குறைக்கிறவர்களுக்கே தெரியாமல் போகிறது.

மார்ச் 25, செவ்வாய்

டிஜாய் நேற்று பதவி விலகிவிட்டார். அண்ணனுக்கு ஒரு குறிப்பேடு தைத்துக்கொண்டிருக்கிறேன், பச்சை அட்டை.

ஏப்ரல் 2, புதன்

அமெரிக்காவில் நேற்று முதல் தபால் நேரக் கணக்கு மாறுகிறது, மீதி மாற்றம் ஜூலையில். அதில் ஒரு விஷயம் விற்பனையாளர் எல்லாருமே கவனிக்க வேண்டியது. பெரிய பிரிப்பு நிலையத்திலிருந்து 50 மைலுக்கு மேல், அதாவது 80 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் தபால் நிலையங்களில் சாயங்காலம் வந்து எடுத்துப் போகும் வண்டியைக் குறைக்கிறார்கள். காலையில் தபாலை இறக்க வரும் வண்டியே முந்தைய நாள் சேர்ந்ததை எடுத்துக்கொண்டு போகும். அதாவது இன்று நீங்கள் கொடுத்தது ராத்திரி அங்கேயே படுத்திருக்கும்.

பார்சல் தாமதம் என்றால் எல்லாரும் கடைசிக் கட்டத்தை நினைக்கிறார்கள், தபால்காரர் வீட்டுக்கு வரவில்லை, கதவைத் தட்டவில்லை என்று. ஆட்களும் வண்டிகளும் குறையும்போது முதலில் அடி விழுவது ஆரம்பத்தில், முதல் ஸ்கேனில்தான் என்று எனக்குப் படுகிறது. விற்பனைத் தளத்துக்கு நான் பார்சலைக் கட்டியதும் தெரியாது, வரிசையில் நின்றதும் தெரியாது. முதல் ஸ்கேன் விழுந்தால்தான் நான் அனுப்பியதாகக் கணக்கு. அது விழாத ஒவ்வொரு மணி நேரமும் என் பெயரில் ஏறுகிறது.

ஏப்ரல் 15, செவ்வாய்

நினைத்தது நடந்தேவிட்டது. வியாழன் மாலை 9 பார்சல் கொண்டுபோனேன். இரண்டு கவுன்ட்டரில் ஒன்று மூடியிருந்தது, வாசல் வரைக்கும் வரிசை. லேபிள் ஏற்கெனவே ஒட்டியிருந்தால் அந்தக் கூண்டில் போட்டுவிட்டுப் போகலாம், அப்புறம் ஸ்கேன் செய்கிறோம் என்றார்கள். போட்டேன். வெள்ளி ஸ்கேன் இல்லை, சனி இல்லை, திங்கள் இல்லை. இன்று காலைதான் ஒன்பதும் ஒரே நிமிஷத்தில் பதிவாகியிருக்கின்றன.

இதற்குள் 4 பேர் எழுதிவிட்டார்கள். ஒருவர், "லேபிள் மட்டும் அடித்துவிட்டுப் பொருளை அனுப்பாமல் இருக்கிறீர்கள்" என்று எழுதினார். மூன்று முறை படித்தேன், கண் கலங்கிவிட்டது. கையில் ரசீது இருந்தால் படம் எடுத்து அனுப்பியிருப்பேன், கூண்டில் போட்டதற்கு என்ன ரசீது? இருவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். தாமதமாக அனுப்பும் விற்பனையாளர் என்று கணக்கில் ஒரு கறுப்புப் புள்ளியும் விழுந்தது, தேடலில் என் கடை எத்தனையோ பக்கம் கீழே போய்விட்டது.

கவுன்ட்டரில் இருந்த பெண் மேல் எனக்குத் துளிகூடக் கோபம் இல்லை. மூன்று பேர் வேலையை ஒருவராகச் செய்துகொண்டிருந்தார், தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை.

ஏப்ரல் 18, வெள்ளி

சரி, என் கையில் இருப்பதை மாற்றினேன். ஆர்டர் வந்த மறுநாளே அனுப்புவேன் என்று போட்டிருந்ததை 3 நாள் என்று ஆக்கினேன். மாலையில் போவதை விட்டு இனி காலையில் திறந்ததும் போகப் போகிறேன், அன்றைய வண்டியைப் பிடிக்க அது ஒன்றுதான் வழி. கூண்டில் போடுவதே இல்லை, எவ்வளவு வரிசையானாலும் ரசீது வாங்கிக்கொண்டுதான் வருவது. எல்லாப் பார்சலுக்கும் சேர்த்து ஒரே பார்கோடு போட்ட பட்டியல் அச்சடித்துக் கொடுக்கும் வசதி இருக்கிறது, அதை ஒரு முறை ஸ்கேன் செய்தால் மொத்தமும் ஏற்றதாகப் பதிவாகும், இத்தனை நாள் இது தெரியாமல் இருந்திருக்கிறேன். விலை கூடிய பெட்டித் தொகுப்புகளை மட்டும் தனியார் கூரியரில் அனுப்பிப் பார்க்கிறேன்.

இதில் எனக்கு நஷ்டமும் இருக்கிறது. 3 நாள் என்று போட்டதிலிருந்து ஆர்டர் குறைந்திருக்கிறது. பெரிய நிறுவனங்கள் சொந்தக் கிடங்கு, சொந்த வண்டி வைத்து மறுநாளே கொடுக்கின்றன. தபால் மெலிந்தால் அவர்களுக்கு ஒன்றும் ஆகாது. அது எங்களைப் போன்ற 6 பார்சல், 9 பார்சல் ஆட்களைத்தான் தின்னும். ஆட்குறைப்புச் செய்திகளில் இந்தப் பக்கத்தை யாரும் எழுதுவதாகத் தெரியவில்லை.

ஜூலை 11, வெள்ளி

பிரிட்டனில் ஜூலை 28 முதல் இரண்டாம் வகுப்புக் கடிதங்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான், சனிக்கிழமை கிடையாது என்று தபாலைக் கண்காணிக்கும் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் நேற்று அனுமதித்துவிட்டது. பார்சலுக்கு இது பொருந்தாது. அதனால் நிம்மதி என்று ஒரு விற்பனையாளத் தோழி எழுதியிருந்தாள். எனக்கு அவ்வளவு நிம்மதி இல்லை. அங்கே 2022 அக்டோபரில் தபால் நிறுவனமான ராயல் மெயில் 10,000 வேலையிடங்கள் வரை குறைப்பதாக அறிவித்தது. 2022-23-ல் முதல் வகுப்புக் கடிதங்களில் 73.7 சதவீதம்தான் நேரத்துக்குப் போயின, இலக்கு 93. அந்த ஆண்டு வேலைநிறுத்தங்களும் நடந்தன, ஆகவே எல்லாப் பழியையும் ஆள் பற்றாக்குறை மேல் போட முடியாது. ஆனால் கடிதத்துக்கும் பார்சலுக்கும் ஆட்கள் ஒன்றுதானே, ஒன்றில் கை வைத்தால் மற்றதில் தெரியாமல் இருக்குமா?

செப்டம்பர் 26, வெள்ளி

கனடா. இன்னும் வீட்டு வாசலில் தபால் வாங்கிக்கொண்டிருக்கும் 40 லட்சம் முகவரிகளைப் பொதுப் பெட்டிகளுக்கு மாற்றப் போகிறார்களாம். அறிவிப்பு வந்த நேற்றே தொழிற்சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கிவிட்டது. போன ஆண்டும் நவம்பர் 15-லிருந்து டிசம்பர் 17 வரைக்கும் அங்கே தபால் நின்றது. பரிசுப் பொருள் விற்கிறவர்களுக்கு அந்த ஒரு மாதம்தான் வருஷத்தையே தூக்கி நிறுத்துவது.

பொதுப் பெட்டி என்றால் விற்பனையாளருக்கு வேறொரு தலைவலி. டிராக்கிங்கில் "கொடுக்கப்பட்டது" என்று வந்துவிடும், வாங்கியவர் ஒரு வாரமாகப் பெட்டியைத் திறந்திருக்கவே மாட்டார், பொருள் வரவில்லை என்று எழுதுவார். வாசலில் கொடுக்கும்போது கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் முகம் தெரியும். தெருமுனைப் பெட்டியில் சண்டையே என்னோடுதான்.

வேலைநிறுத்தம் செய்கிறவர்களைத் திட்டி விற்பனையாளர்கள் எழுதுவதைப் பார்த்தேன். என்னால் அப்படி எழுத முடியவில்லை. அண்ணன் நினைவுதான் வருகிறது.

டிசம்பர் 31, புதன்

டென்மார்க்கில் நேற்று போஸ்ட்நார்ட் கடைசிக் கடிதத்தைக் கொடுத்துவிட்டது. 1624-ல் தொடங்கிய அரசுத் தபாலின் வழி வந்த வேலை. கடிதத்தை இனி வேறொரு நிறுவனம் பார்த்துக்கொள்ளும், போஸ்ட்நார்ட் பார்சல் மட்டும் தொடரும். மார்ச்சில் படித்தபோது எங்கோ தூரத்தில் இருந்த தேதி, வந்தே விட்டது.

இந்த ஆண்டின் கடைசி 11 பார்சலோடு காலையிலேயே போனேன். வரிசையில் எனக்கு முன்னால் புதிதாக விற்க ஆரம்பித்த ஒரு பையன், பெட்டி விளிம்பில் லேபிளை மடித்து ஒட்டியிருந்தான். சொன்னேன். பையிலிருந்து இன்னொரு லேபிள் எடுத்து அங்கேயே தரையில் உட்கார்ந்து மாற்றி ஒட்டினான், அதற்குள் அவன் முறை வந்துவிட்டது, என்னை முன்னால் போகச் சொன்னான். கவுன்ட்டரில் அதே பெண். பட்டியலை ஸ்கேன் செய்தார், 11-ம் ஏறிவிட்டது. ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அவன் பார்சலும் ஸ்கேன் ஆகும் வரை நின்றுவிட்டு வந்தேன்.